மெக்சிகோ கல்யாணத்துக்கு அழைப்பா? மொய் நோட்டில் உங்கள் பெயரும் ஏறலாம்!

தெற்கு மெக்சிகோவில் வஹாக்கா என்றொரு நகரம். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'ஓக்ஸாகா' என்று படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் சொல்வது வஹாக்காதான். சனிக்கிழமை மாலையில் அங்குள்ள சான்டோ டொமிங்கோ தேவாலயத்தின் முன்னால் குழந்தைகளோடு கொஞ்ச நேரம் நின்றால், பெரும்பாலும் ஒரு கல்யாண ஊர்வலமாவது கண்ணில் பட்டுவிடும்.

முன்னால் பேண்டு வாத்தியம். பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மாப்பிள்ளை பொம்மை, ஒரு பெண் பொம்மை. உள்ளே ஒருவர் புகுந்துகொண்டு அதைச் சுற்றிச் சுற்றி ஆட்டுவார். கழியின் உச்சியில் துணியால் செய்த பெரிய உருண்டை, அதில் மணமக்களின் பெயர். தலையில் பூக்கூடையோடு ஆடிவரும் பெண்கள். விருந்தினர்களின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் சின்னக் குவளை. அதில் கற்றாழை இனத்துச் செடியிலிருந்து காய்ச்சிய மெஸ்கால் மது. இந்த ஊர்வலத்துக்கு 'கலேண்டா' என்று பெயர்.

கூட்டத்தோடு கூட்டமாக நாலு தெரு போய்வரலாம். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸும் வைக்கலாம். ஆனால், அது தெருவில் நின்று கல்யாணத்தை வேடிக்கை பார்த்த கணக்கில்தான் சேரும். அழைப்பிதழோடு உள்ளே போகிறவருக்கு அந்தக் கல்யாணம் வேறு மாதிரி. அது ஏன் என்பதற்கான பதில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் திறப்பதற்கு முன், அழைப்பு வந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று வரிசையாகப் பார்த்துவிடலாம்.

ஒரு கல்யாணம், இரண்டு தாலிகட்டு!

மெக்சிகோவில் அழைப்பு கிடைப்பது அப்படியொன்றும் அபூர்வமல்ல. இந்திய ஐ.டி நிறுவனங்களுக்கு குவாதலஹாரா, மான்டெரே போன்ற நகரங்களில் அலுவலகங்கள் உண்டு. கூட வேலை செய்பவர் தன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார். சொந்த ஊர் வஹாக்கா பக்கத்துக் கிராமமாக இருந்தால், 'குடும்பத்தோடு வாருங்கள், அப்படியே ஊரையும் பார்க்கலாம்' என்பார்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே சட்டப்படியான கல்யாணம் தேவாலயத்தில் நடப்பதில்லை. 1859-ல் அதிபர் பெனிட்டோ ஹுவாரெஸின் அரசு கொண்டுவந்த சட்டப்படி, திருமணம் என்பது அரசுப் பதிவாளர் முன்னால் நடக்க வேண்டியது. பாதிரியார் நடத்திவைக்கும் சடங்குக்கு இன்றும் சட்ட மதிப்பு கிடையாது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஹுவாரெஸ், வஹாக்கா மலைக் கிராமம் ஒன்றில் பிறந்த ஸாப்போடெக் பழங்குடிக்காரர் என்பது கூடுதல் தகவல்.

அதனால் பல ஜோடிகளுக்கு இரண்டு கல்யாணம். பதிவாளர் முன்னிலையில் கையெழுத்து ஒரு நாள், தேவாலயத்தில் பூசை இன்னொரு நாள். சில வீடுகளில் இரண்டுக்கும் நடுவே வருடங்கள்கூட ஓடிவிடும். கல்யாணச் செலவுக்குப் பணம் சேரும்வரை சேர்ந்து வாழ்ந்து, குழந்தை பிறந்து, அது நடக்கத் தொடங்கிய பிறகு தேவாலயத்துக்குப் போகிற ஜோடிகளும் உண்டு. மணமக்களின் குழந்தையே மோதிரத் தட்டோடு முன்னால் நடந்து வந்தால் ஆச்சர்யப்பட்டு யாரிடமும் விசாரிக்க வேண்டாம். அங்கே அது சாதாரணம்.

உங்கள் அழைப்பு எந்த நாளுக்கு, எத்தனை பேருக்கு என்பதைக் கவனியுங்கள். நகரத்து அழைப்பிதழ்களில் 'உங்களுக்கு இத்தனை பாஸ்' என்று எண்ணைப் போட்டே அனுப்புவார்கள். 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற வரியும் இருக்கலாம். கிராமத்து அழைப்பு பெரும்பாலும் வீட்டுக்கே. குழந்தை, தாத்தா, பாட்டி எல்லோரும் அதில் அடக்கம்.

கேக்குக்கு ஒருவர், மோதிரத்துக்கு ஒருவர்

பத்திரிகையைப் பிரித்தால் பெற்றோர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர்ப் பட்டியலைப் பார்க்கலாம். அவர்கள்தான் 'பாட்ரினோ'க்கள். ஞானப்பெற்றோர் என்று சொல்லலாம். ஆனால், இங்கே வேலை கொஞ்சம் அதிகம்.

மோதிரத்துக்கு ஒரு ஜோடி. நாணயத்துக்கு ஒரு ஜோடி. மணமக்கள் மேல் போடும் மாலைக்கு ஒரு ஜோடி. கேக், பேண்டு, பூ அலங்காரம் என ஒவ்வொன்றுக்கும் ஒருவர். அந்தப் பொருளை வாங்கித் தருவதும், சடங்கின்போது பக்கத்தில் நிற்பதும் அவர்கள் பொறுப்பு. இவர்களில் தலைமை இடம் 'வெலாசியோன்' பாட்ரினோக்களுக்கு. நல்லபடியாகக் குடும்பம் நடத்தும் ஒரு மூத்த தம்பதியைத்தான் இதற்குக் கேட்பார்கள். புதுத் தம்பதிக்குள் சண்டை வந்தால் பஞ்சாயத்துக்கு முதலில் போவது இவர்கள் வீட்டுக்கு.

ஒரே குடும்பம் தாங்க முடியாத செலவு இப்படிப் பத்துப் பதினைந்து வீடுகளுக்குப் பிரிந்துவிடுகிறது. பிரிவது செலவு மட்டுமல்ல. பாட்ரினோ ஆனவர் அந்தக் குடும்பத்துக்கு உறவினர் ஆகிறார். அதற்குப் பிறகு வரும் நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர் இல்லாமல் முடியாது. லத்தீன் அமெரிக்காவின் இந்த உறவுமுறையைப் பற்றி மானுடவியலாளர்கள் சிட்னி மின்ட்ஸும் எரிக் உல்ஃபும் 1950-லேயே விரிவான கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

'கேக்குக்கு நீங்கள் பாட்ரினோவாக இருக்கிறீர்களா?' என்று உங்களையும் கேட்க வாய்ப்பு உண்டு. கௌரவமாகத்தான் கேட்பார்கள். சரி என்றால் செலவும் உறவும் சேர்ந்தே வரும். முடியாது என்றால் முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லிவிட்டுக் கடைசி வாரத்தில் பின்வாங்கினால், கல்யாணத்தில் கேக் இருக்காது!

13 நாணயமும் எட்டு வடிவ மாலையும்

தேவாலயப் பூசை ஏறக்குறைய ஒரு மணி நேரம். விருந்து தாமதமாகலாம், பூசை பெரும்பாலும் ஆகாது. எனவே நேரத்துக்குப் போய் உட்காருங்கள். பட்டுப்புடவை, வேட்டி தாராளமாக அணியலாம். வெள்ளைப் புடவை மட்டும் வேண்டாம், அது மணப்பெண்ணின் நிறம். தோளை மூடும்படி உடை இருந்தால் நல்லது. எல்லோரும் எழுந்து நிற்கும்போது நின்று, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். வேறு மதத்தினர் அப்பம் வாங்கும் வரிசைக்குப் போக வேண்டியதில்லை. இருக்கையிலேயே அமைதியாக இருக்கலாம்.

குழந்தைகள் ஆவலாகப் பார்க்கும் மூன்று விஷயங்கள் அங்கே நடக்கும். முதலாவது, 13 நாணயம். மாப்பிள்ளை அவற்றைப் பெண்ணின் கைகளில் கொட்டுவார். 'என்னுடையதெல்லாம் உன்னுடையதும்' என்று அர்த்தம். ஏசுவும் 12 சீடர்களும் என்று இந்த எண்ணுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். 12 மாதங்களுக்கு ஒவ்வொன்று, ஏழைகளுக்காக ஒன்று என்று இன்னொரு விளக்கமும் உண்டு.

இரண்டாவது 'லாஸோ'. பெரிய ஜெபமாலை போன்ற கயிற்றை பாட்ரினோக்கள் எட்டு வடிவில் மடித்து, மண்டியிட்டிருக்கும் இருவர் தோள்களிலும் போடுவார்கள். பூசை முடியும் நேரத்தில் எடுத்துவிட்டு, அதைப் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொள்வார்கள். மூன்றாவது, மணப்பெண் ஒரு பூங்கொத்தை குவாதலூபே அன்னையின் காலடியில் வைத்து வணங்குவது. அந்த ஒரு நிமிடம் முன்னால் ஓடிப்போய் போட்டோ எடுக்காமல் இருப்பது நாகரிகம்.

வாசலுக்கு வந்ததும் அரிசி தூவுவார்கள். 'வீவான் லோஸ் நோவியோஸ்!' என்று யாராவது கத்தினால், நீங்களும் 'வீவான்!' என்று கத்தலாம். மணமக்கள் வாழ்க என்று பொருள்.

தட்டில் என்ன இருக்கும்?

விருந்தின் நாயகன் 'மோலே'. பல வகை மிளகாயை வறுத்து, எள், கொட்டைகள், மசாலா, கொஞ்சம் சாக்லேட் சேர்த்து அரைத்து நேரம் எடுத்துக் கொதிக்கவைக்கும் கெட்டிக் குழம்பு. வஹாக்காவில் கறுப்பு மோலே பிரபலம். கூடவே வான்கோழி அல்லது கோழி, சிவப்புச் சோறு, சோள ரொட்டி. உலகத்துக்கு மிளகாயைக் கொடுத்த மண் என்பதால், காரம் நம் நாக்குக்குப் பழக அதிக நேரம் பிடிக்காது.

சைவக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் போதாது. பீன்ஸ் மசியல், தமால் எனும் சோள மாவுக் கொழுக்கட்டை இவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். அதன் பெயர் 'மன்டேகா'. சிவப்புச் சோறும் மோலேயும் பெரும்பாலும் கோழி வேகவைத்த தண்ணீரில் தயாராகும். அழைத்தவரிடம் சில நாள் முன்பே சொல்லிவைத்தால் ஏதாவது ஏற்பாடு செய்வார்கள். பரிமாறும் நேரத்தில் சொன்னால், சமையலறையில் நிற்கும் பெண்களுக்குத்தான் சங்கடம். சோள ரொட்டி, அவகாடோ, பழங்கள் கைகொடுக்கும்.

குழந்தைகளுக்குக் குடிக்க 'ஓர்சாட்டா' என்ற இனிப்பான அரிசிப் பானமோ, 'ஹமைக்கா' என்ற சிவப்புப் பானமோ இருக்கும். ஹமைக்கா, நம் புளிச்சக் கீரை இனத்துப் பூவிலிருந்து எடுப்பது. பெரியவர்களுக்கு மெஸ்கால் வரும். குடிக்காதவர்கள் குவளையை வாங்கி, 'சலூத்' என்று உயர்த்திக் காட்டிவிட்டு மேசையில் வைத்துவிடலாம். எழுந்து போகும்போது பக்கத்தில் சாப்பிடுகிறவர்களிடம் 'புவென் ப்ரோவேச்சோ' என்று சொல்லிவிட்டுப் போங்கள். 'நன்றாகச் சாப்பிடுங்கள்' என்பதுபோல. இந்த ஒரு வார்த்தைக்கே தனி மரியாதை கிடைக்கும்.

பிறகு ஆட்டம். மணமக்களைத் தனித்தனி நாற்காலிகளில் ஏற்றிவிட்டு, விருந்தினர்கள் கைகோத்து அவர்களுக்கு இடையே பாம்புபோல வளைந்து ஓடுவார்கள். 'கடல் பாம்பு' என்று பெயர். வேகம் கூடக்கூட நாற்காலியைச் சாய்க்கப் பார்ப்பதுதான் வேடிக்கை. சின்னக் குழந்தைகளை இந்த வரிசையில் விட வேண்டாம். கை விடுபட்டால் தூக்கி எறியப்படுவார்கள். அடுத்து மாப்பிள்ளையைத் தூக்கிப்போட்டு, சாவு மேளம் வாசித்து 'இவன் கதை முடிந்தது' என்று கலாட்டா செய்வார்கள். பயந்துவிடாதீர்கள், அது நண்பர்கள் செய்யும் கேலி.

மணமக்களோடு ஆடுகிறவர்கள் அவர்கள் உடையில் பண நோட்டைக் குத்துகிற நடனமும் உண்டு. சில்லறையாக சில பெசோ நோட்டுகளைத் தயாராக வைத்துக்கொண்டால், உங்கள் வீட்டுப் பிள்ளையும் போய் ஒன்றைக் குத்திவிட்டு வரலாம்.

அந்த நோட்டுப் புத்தகம்

வஹாக்கா நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது தெயோதித்லான் தெல் வாயே. கம்பளி விரிப்பு நெசவுக்குப் பெயர்பெற்ற ஸாப்போடெக் கிராமம். இதுபோன்ற ஊர்களில் கல்யாணம் ஒரே நாளில் முடிவதில்லை. வான்கோழியைக் கையில் ஏந்தி ஆடும் நடனம்கூட உண்டு.

அத்தனை வான்கோழிகளும் எங்கிருந்து வருகின்றன? 'கெலகெட்சா'விலிருந்து. இந்தப் பெயரில் ஜூலையில் வஹாக்கா நகரில் நடக்கும் நடனத் திருவிழாதான் சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியும். கிராமத்தில் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. ஒரு வீட்டில் விசேஷம் என்றால், மற்ற வீடுகள் வான்கோழி, சோளம், சாக்லேட், மெஸ்கால் என்று கொண்டுவந்து கொடுக்கும். எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதுவார்கள். பன்றி என்றால் அதன் எடையைக்கூட! கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது, அதே பொருள், அதே அளவு திரும்பிப் போக வேண்டும். அது அஞ்சு வருடம் கழித்து வந்தாலும் சரி, பத்து வருடம் கழித்து வந்தாலும் சரி.

மொய் நோட்டு தெரிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தெயோதித்லானில் பல வருடங்கள் ஆய்வு செய்த மானுடவியலாளர் லின் ஸ்டீஃபன், ஸாப்போடெக் பெண்களைப் பற்றி 1991-ல் வெளியிட்ட நூலில் இந்தக் கொடுக்கல் வாங்கலை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போதே, பிற்காலத்துக் கல்யாணத்தை மனத்தில் வைத்து மற்ற வீடுகளுக்குக் கொடுத்துவைக்கத் தொடங்குவார்கள். கையிருப்பு இல்லாத குடும்பத்துக்கு அதுதான் வங்கி.

இதில் பாரமும் இருக்கிறது. வாங்கியதைத் திருப்ப முடியாத வீடு தலைகுனிய நேரும். பிழைப்புக்காக அமெரிக்கா போன பிள்ளைகள் அங்கிருந்து அனுப்பும் பணத்தில் ஊர்க் கடமைகளை நிறைவேற்றும் குடும்பங்கள் பல. சேர்ந்து வாழத் தொடங்கி வருடங்கள் கழித்துக் கல்யாணம் செய்கிறவர்களின் கதைக்குப் பின்னாலும் இந்தச் செலவுக் கணக்கு இருக்கிறது.

பயணியின் கணக்கை எப்படி முடிப்பது?

இங்கேதான் பயணக் குடும்பத்துக்கு ஒரு சிக்கல். கிராமத்துக் கல்யாணத்தில் உங்கள் தட்டுக்கு வரும் வான்கோழித் துண்டு, யாரோ ஒருவர் நம்பிக் கொடுத்ததாக இருக்கலாம். அழைத்த குடும்பம் அதை என்றாவது ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்களோ திங்கட்கிழமை விமானம் ஏறிவிடுவீர்கள். திரும்ப வரப்போவதில்லை என்று தெரிந்தும் அவர்கள் உங்களுக்குப் பரிமாறுகிறார்கள். யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். அதனால்தான் நாமே யோசித்துச் சில விஷயங்களைச் செய்ய வேண்டியிருக்கிறது.

வெறுங்கையோடு போகாதீர்கள். நகரத்துக் கல்யாணம் என்றால் கடையில் பதிவுசெய்த பரிசுப் பட்டியல் இருக்கும் அல்லது உறையில் பணம் வைக்கச் சொல்வார்கள். கிராமம் என்றால் ஒரு பெட்டி பீர், மெஸ்கால் பாட்டில், ரொட்டி, சாக்லேட், பூ என எதுவும் சரி. எது பொருத்தம் என்று அழைத்தவரையே கேட்டுவிடலாம். கொடுத்ததை ஒருவர் நோட்டில் எழுதினால் 'அய்யோ, எழுத வேண்டாம்' என்று பதறாதீர்கள். பெயரை எழுதுவது, உங்களையும் அந்த வட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டதற்கான அடையாளம்.

பரிமாறியதை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து வராதீர்கள். முடியாவிட்டால் 'இதகாத்தே' என்று கேட்டுப் பொட்டலம் கட்டி எடுத்து வரலாம். அது அங்கே வழக்கம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒருநாள் கூடுதலாகத் தங்குங்கள். மறுநாள் நடக்கும் சின்ன விருந்துக்கு 'தோர்னபோதா' என்று பெயர். முந்தைய நாள் மீந்ததைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கொண்டே, பாத்திரம் கழுவி, நாற்காலி அடுக்கி, நடந்த கூத்தையெல்லாம் பேசிச் சிரிப்பார்கள். முதல் நாள் கூச்சத்தில் ஒதுங்கியிருந்த உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த நாளில்தான் அங்குள்ள பிள்ளைகளோடு விளையாடத் தொடங்குவார்கள். தட்டுகளை எடுக்க நீங்களும் எழுந்தால், முதலில் தடுப்பார்கள், பிறகு இடம் விடுவார்கள்.

போட்டோ, வீடியோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். குறிப்பாக, கிராமத்து தேவாலயத்திலும் வீட்டுப் பூசை அறையிலும். ஊருக்குத் திரும்பியதும் நல்ல படங்களை அச்சுப் போட்டு அனுப்புங்கள். சம்பந்தமில்லாதவர்கள் லைக் போடுவதைவிட, அந்த வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டப்படுவது மேல்.

தெருவில் போகும் ஊர்வலம்

சான்டோ டொமிங்கோ வாசலில் போகும் கலேண்டாக்களில் வெளியூர், வெளிநாட்டு ஜோடிகளின் ஊர்வலங்களும் சேர்த்திதான். பேண்டு, பொம்மை, பூக்கூடை எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும். பேண்டு வாசிப்பவருக்கும் பொம்மை ஆட்டுபவருக்கும் அது வருமானம். அதே சமயம், வெளியூர்ப் பணம் வந்து வீட்டு வாடகை ஏறுகிறது என்று 2024 ஜனவரியில் வஹாக்கா மக்கள் கண்டன ஊர்வலம் நடத்தியிருக்கிறார்கள். தங்கள் தெரு வெறும் கல்யாண செட் ஆகிவிடுமோ என்ற கவலை அவர்களுக்கு. பொம்மையும் பேண்டும் வாடகைக்குக் கிடைக்கும். நோட்டுப் புத்தகத்தை யாரும் வாடகைக்குத் தருவதில்லை.

அழைப்பு இல்லாமல் தெருவில் நிற்கிறீர்களா? வழிவிட்டு, கைதட்டி, 'ஃபெலிசிதாதேஸ்' என்று வாழ்த்திவிட்டு நகருங்கள். அழைப்பு இருக்கிறதா? அப்படியானால் இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. கிளம்பும்போது, உங்கள் வீட்டில் அடுத்து வரப்போகும் கல்யாணத்துக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ அவர்களைக் கூப்பிட்டுவிட்டு வாருங்கள். விமான டிக்கெட் விலையை நினைத்து அவர்கள் சிரிக்கலாம். பரவாயில்லை. தேதி முடிவானதும் பத்திரிகை அனுப்புங்கள். அவர்களால் வர முடியாமல் போனாலும், 'உங்கள் வீட்டில் சாப்பிட்டதை நாங்கள் மறக்கவில்லை' என்பது அந்தக் குடும்பத்துக்குப் புரிந்துவிடும்.